சூட்டிக்கு நட்ட அட்டைகள்

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்தைப் பார்க்கும் பவளக்கொடிக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். நாயும் ஆளுமாகச் சேர்ந்து நடந்து, வழிநெடுக வைத்த அட்டைகளில் உள்ளபடி செய்கிற போட்டியை 2003இல் அவள் டிவியில் பார்த்தாள். தன் நாய் சூட்டியையும் பழக்கியே தீருவது என்று வீம்பு பிடித்தாள்.

பால்மா பெட்டிகளை வெட்டி, 'நில்', 'உட்கார்', 'ஒரு சுற்று சுற்று' என்று எழுதி, ஞாயிறன்று, வேலையாட்கள் காலையில் கூடும் பெரட்டுக்களத்தில் நட்டாள். தொண்டை வறளக் கத்தியும் சூட்டி ஒன்றுக்கும் மசியவில்லை. ஆத்திரத்தில் அட்டைகளை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

திங்கள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்க வந்த பெண்கள் முதல் அட்டையில் நின்றார்கள். அடுத்ததில் கூடையோடு குந்தினார்கள். மூன்றாவதில் வரிசையாகச் சுற்றினார்கள். அவர்களுக்குப் பின்னால் கங்காணியும் சுற்றினார்.

"இது என்னங்க கங்காணி கூத்து?" என்று பவளக்கொடி ஓடிவந்தாள்.

"சத்தம் போடாத புள்ள. தொரை புதுசா போட்ட சட்டம் போல இருக்கு" என்றார் அவர், சுற்றிக்கொண்டே.

அந்நேரம் சூட்டி வந்து, 'உட்கார்' அட்டையைக் காலைத் தூக்கி நனைத்துவிட்டு நிமிர்ந்து நடந்தது.

பவளக்கொடி அட்டைகளைப் பிடுங்கி எறிந்தாள்.

"நீ படிச்சது போதும்டா சூட்டி. இந்தத் தோட்டத்துல நீ ஒருத்தனாச்சும் இப்படியே இரு."