பேண்ட் தைப்பது அக்கா, ஜாக்கெட் தைப்பது தம்பி

ஆம்பளை ஜாக்கெட் தைத்தால் ஏன் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. பொம்பளை பேண்ட் தைத்தால் மட்டும் ஆளாளுக்குக் கடைக்குள் எட்டிப் பார்த்து மாஸ்டரைத் தேடுகிறார்கள். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு அல்லாடும் சகோதரிகளே, நான் சொல்லப்போவது உங்கள் கதையும்தான்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில் என் கடை. இரண்டு மெஷின். ஒன்றில் நான் பேண்ட், சட்டை தைக்கிறேன். இன்னொன்றில் சேகர் ஜாக்கெட் தைக்கிறான். கூடப் பிறந்தவன் இல்லை, ஆனாலும் வாய்க்கு வாய் அக்கா என்பான். கல்யாணத்துக்கு முன்பு ஒரு ஜென்ட்ஸ் கடையில் காஜா எடுக்கவும் பட்டன் கட்டவும்தான் என்னை வைத்திருந்தார்கள். கை காஜாவில் இருந்தாலும் கண் வெட்டுகிற மேஜையிலேயே இருக்கும். அப்படிக் கற்றதுதான் இந்தத் தொழில்.

ஆனால் எங்கள் தொழிலில் பேண்ட் வெட்டுகிறவர் டெய்லர். கோட்டு வெட்டினால்தான் மாஸ்டர். எங்கள் சர்ச் கல்யாணங்களில் கோட்டுப் போடாமல் மாப்பிள்ளை பீடத்துக்கு முன்னால் வந்து நிற்கமாட்டார். அத்தனை கோட்டும் எங்கெங்கோ போயின, என் பக்கம் ஒன்றுகூடத் திரும்பவில்லை. பழைய கோட்டு ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்து, நானே ஒன்று தைத்துக் கடை வாசலில் பொம்மைக்குப் போட்டு வைத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். ஒரே ஒரு கோட்டு ஆர்டர் வந்துவிடாதா என்று கிடந்து தவித்தேன்.

டீ குடிக்கப் போன மாஸ்டர்

சேவுகம்பட்டியிலிருந்து தக்காளித் தோட்டக்காரர் ஒருவர் பேண்ட் துணியோடு வந்தார். மாஸ்டர் வரட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்தார். தைப்பது நான்தான் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, பரவாயில்லை, அவர் டீ குடித்துவிட்டு மெதுவாக வரட்டும் என்றார். எதிரிலேயே நான் இன்னொருவர் பேண்டை வெட்டிக்கொண்டிருந்தேன். அதையும் நன்றாக வேடிக்கை பார்த்தார்.

ஊருக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமானபோதுதான் விஷயம் அவருக்கு உறைத்தது. விருட்டென்று எழுந்து சேகரிடம் போய், இந்தத் தம்பியே அளவெடுக்கட்டும் என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். சேகர் மெஷினை நிறுத்தாமலே கேட்டான்: "எனக்கு ஜாக்கெட் அளவுதாண்ணே எடுக்கத் தெரியும், எடுக்கவா?"

காணாமல் போகும் தொப்பை

ஒரு பெண் இடுப்பில் டேப்பைச் சுற்றியதும் ஆண்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்கிறார்கள். அதுவரை இருந்த தொப்பை போன இடம் தெரியாது. அந்த அளவுக்குத் தைத்துக் கொடுத்தால் வீட்டில் போய்ப் பட்டன் போட முடியாது. பழி யார் மேல்? பொம்பளை தைத்தால் இப்படித்தான் என்று என் மேல். அய்யலூர் ஆட்டு வியாபாரி ஒருவர் புதுப் பேண்டைக் கொண்டுவந்து மேஜையில் வீசியபோது எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு மறுபடி டேப்பை எடுத்தேன். சும்மா இருக்க முடியாமல், இந்த வாரம் சந்தையில் கிடாய் வரத்து எப்படி என்று கேட்டுவைத்தேன்.

ஆடு என்று சொன்னதுதான் தாமதம், மனிதர் பொழிந்து தள்ளிவிட்டார். பேசுகிறவர் மூச்சைப் பிடிக்க முடியாதே! வயிறு தன் நிஜ அளவுக்கு வந்து டேப்பில் உட்கார்ந்தது. எனக்கு அப்போதே ஒரு குதி குதிக்க வேண்டும் போலிருந்தது. அன்றிலிருந்து யாராக இருந்தாலும் பேசவிட்டுத்தான் அளவெடுக்கிறேன். தைத்த பேண்டைப் போட்டுப் பார்த்துவிட்டு வியாபாரி சொன்னார்: "ஆட்டுக்குத் தண்ணியக் காட்டி வயித்தப் பெருசாக்கி ஊரை ஏமாத்துவாக, நான் வயித்தச் சின்னதாக்கி நானே ஏமாந்துட்டேன் தங்கச்சி."

மூன்று பை

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்ந்திருந்த ஒரு பெண்ணை அவள் அம்மா கூட்டி வந்தார். ஒர்க்‌ஷாப்புக்குக் காக்கி பேண்ட், சட்டை வேண்டும். ஜென்ட்ஸ் கடையில் பெண்பிள்ளைக்கு அளவெடுக்கத் தயங்கியிருக்கிறார்கள். லேடீஸ் கடையில் பேண்ட் தைக்க வராது என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் நான் ஒருத்தி இருக்கிறேன் என்று தெரிந்து, வெயிலில் தேடி வந்திருந்தார்கள்.

அம்மாவுக்கு ஒரே நிபந்தனை, பை வைக்கக் கூடாது. பொம்பளைப் பிள்ளைக்குப் பை எதற்கு, கைப்பை இருக்கிறதே என்றார். லேத் மெஷின் முன்னால் கைப்பையோடு எப்படி நிற்பாள் என்று நான் வாயெடுப்பதற்குள் பெண்ணே விரல் விட்டுச் சொன்னாள்: "ஸ்பேனர் வைக்க ஒண்ணு, போனுக்கு ஒண்ணு, சும்மா கைய விட்டுக்கிட்டு நிக்க ஒண்ணு."

பூப்போட்ட ஏப்ரன்

கொடைரோட்டில் சூசை சார் என்று ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். அவர் மனைவி ஹெட்மிஸ்ட்ரஸ், இன்னும் சர்வீஸில் இருக்கிறார். அதனால் வீட்டில் அடுப்படி சாருடையது. பேண்ட் தைக்கும் அதே நேர்த்தியோடு ஒரு ஏப்ரன் வேண்டும் என்று வந்தார். சேகர் நீலத் துணியை எடுத்துப் போட்டான். சார் அதைத் தள்ளிவிட்டு, ரோஜாப்பூப் போட்டிருந்த துணியை உருவினார். பழக்க தோஷம், டீச்சருக்கா சார் என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்: "சோறாக்குறது நான், வெஞ்சனம் தாளிக்கிறது நான், பூ மட்டும் அவுகளுக்காம்மா?"

அப்பா கோட்டு

அந்த ஏப்ரன் சாருக்கு அவ்வளவு பிடித்துப்போய், அடுத்த மாதமே மகள் ஜெனிபரைக் கூட்டிக்கொண்டு வந்தார். புது வக்கீல். கையில் ஒரு கறுப்புக் கோட்டு. வேறொரு கடையில் தைத்ததாம். பெண் என்று டேப்பை அந்தரத்தில் பிடித்து உத்தேசமாக அளவெடுத்திருக்கிறார்கள். தோள் ஒரு பக்கம் தொங்கியது, கை விரல் வரைக்கும் வந்தது. பைக்குப் பதிலாக வெறும் மூடி மட்டும் வைத்துத் தைத்திருந்தார்கள். அப்பா கோட்டா என்று கோர்ட்டில் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை முதல்முறையாக ஜட்ஜ் முன்னால் எழுந்து பேசப் போகிறாள். மறுபடி இதையே மாட்டிக்கொண்டு போனால் எனக்கு வாயே வராதுக்கா என்றாள். பிறகு வாசல் பொம்மையைக் காட்டி, இதை யார் தைத்தது என்று கேட்டாள்.

நான்தான் என்றேன். அப்படியானால் எனக்கும் நீங்களே தையுங்கள் என்றாள். இத்தனை வருஷம் மாப்பிள்ளைமார்களுக்காகக் காத்துக் கிடந்தேன், முதல் கோட்டு ஒரு பெண்ணிடமிருந்து வந்தது! அளவெடுக்கும்போது கேஸைப் பற்றிப் பேசவிட்டேன். விறைப்புக்கு உள்ளே வைக்கிற கேன்வாஸ், தோள், கை எல்லாம் எனக்குப் பிடிபட்டன. மார்புப் பக்கம் மட்டும் ஆம்பளைக் கோட்டுக் கணக்கு உதவவில்லை. அங்கே சேகர் வந்து, ஜாக்கெட்டுக்கு மடிப்புப் பிடிக்கிற மாதிரி சாக்பீஸால் இரண்டு கோடு போட்டான். கோடு போட்ட இடத்தில் துணி அப்படியே உட்கார்ந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். வெளியே இரண்டு பை, உள்ளே ஒரு பை, மூன்றும் நிஜப் பை.

சனிக்கிழமை வந்து போட்டுப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் கையை உயர்த்தினாள், இறக்கினாள், பைக்குள் விட்டாள். சூசை சார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தெருப்பக்கம் திரும்பி நின்றார். ஜெனிபர் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்: "இதுதாங்க்கா என் கோட்டு."

மாஸ்டர்

திங்கட்கிழமை முழுக்க எனக்கு மெஷினில் கால் நிற்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் சார் போன் பண்ணி, பிள்ளை திக்காமல் பேசினாள் என்றார். எனக்குப் பரீட்சை பாஸான மாதிரி இருந்தது. இரண்டு நாள் கழித்து வயதான வக்கீல் ஒருவர் கறுப்புத் துணியோடு கடை ஏறினார். அப்பா கோட்டா என்று கேட்டவரே அவர்தான் என்று பிற்பாடு தெரிந்தது. என்னைத் தாண்டி நேரே சேகரிடம் போய், கோட்டு தைக்கிற மாஸ்டர் இருக்காரா என்று கேட்டார். ஜாக்கெட் அளவு ஜோக் வரப்போகிறது என்று நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். சேகர் மெஷினை நிறுத்தினான். எழுந்து நின்றான். இத்தனை வருஷத்தில் அக்கா என்பதைத் தவிர வேறு சொல்லிக் கூப்பிட்டதில்லை அவன். என் பக்கம் திரும்பிச் சொன்னான்: "மாஸ்டர், சாருக்கு அளவெடுக்கணுமாம்."

கழுத்திலிருந்த டேப்பை எடுத்து அவர் இடுப்பில் சுற்றினேன். ஊருக்கே வாதாடுகிற மனிதர், ஆட்டு வியாபாரி மாதிரியே மூச்சைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றார்.