இஞ்சி போட்ட பஞ்ச்

காவடி எடுக்கிறவர்கள் விரதம் இருப்பார்கள். மீன் கிடையாது, கறி கிடையாது, தண்ணி அறவே கிடையாது. மாசி மகம் முடிந்து இடும்பன் பூசையும் போட்டாயிற்று என்றால் எங்கள் பக்கத்து ஆண்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிடுவார்கள். அத்தனை நாள் அடக்கி வைத்த தாகம் அன்றைக்கு ஒரே மூச்சில் தீர்ந்தாக வேண்டும். சாமிக்குக் கொடுத்த வாக்கு பூசை முடியும் வரைதான் என்பது எங்கள் ஊரில் எழுதாத சட்டம்.

அந்த வருடம் அப்பா தொடங்கவில்லை.

பூசைச் சாப்பாட்டைச் சாப்பிட்டார், கை கழுவினார், பெம்பானில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முன்னறையில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். வாசலில் வேனை நிறுத்திக் கூட்டாளிகள் ஹாரன் அடித்தார்கள். "தலை வலிக்குது லா, நீங்க போங்க" என்றார். அடுத்த வாரமும் தலை வலித்தது. அதற்கடுத்த வாரமும் வலித்தது. மாதக்கணக்கில் ஒரு மனிதருக்குத் தலைவலி என்றால் யாராவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டாமா? யாரும் கூட்டிப் போகவில்லை.

அம்மா அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கேட்டால் அவருக்கு நினைவு வந்து மறுபடி தொடங்கிவிடுவாரோ என்று பயம். கைக்குழந்தை தூங்குகிற வீட்டில் நடப்பதுபோல நாங்கள் இருவரும் அடிமேல் அடி வைத்து நடந்துகொண்டிருந்தோம்.

அந்த நேரம் பார்த்து எனக்கு இருபத்தொரு வயது வந்தது. எங்கள் பக்கம் இருபத்தொன்று பெரிய விஷயம். சாவி வடிவத்தில் கேக் வெட்டி, வீட்டு முன்னால் கூடாரம் போட்டு, ஊரைக் கூட்டிச் சோறு போட வேண்டும். அம்மாவுக்கு இதில் கொஞ்சமும் விருப்பமில்லை.

"கேக்க வெட்டி நாலு வூட்டுக்குக் குடுத்தா போதாதா?" என்றாள்.

"ஒரே பொண்ணு. நான் செய்யாம வேற யாரு செய்வா?" என்றார் அப்பா.

அம்மாவின் பயம் எனக்குப் புரிந்தது. எங்கள் விருந்துகளில் ஓர் ஆண் வெறுங்கையோடு நிற்க முடியாது. கையில் கிளாஸ் இல்லாதவரைப் பார்த்தால் நாலு பேருக்குப் பொறுக்காது. ஒருவர் ஊற்றி நீட்டுவார். வாங்க மறுத்தால், "ஏன், நம்ம கையால குடுத்தா எறங்காதா?" என்று முகத்தைத் தூக்கிக்கொள்வார். விருந்து கொடுக்கிறவரே வெறுங்கையோடு நின்றால் கேட்கவே வேண்டாம். டிவி முன்னால் உட்கார்ந்து தப்பித்த அப்பா, தன் வீட்டு வாசலிலேயே மாட்டிக்கொள்வார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "பார்ட்டி வைப்போம். ஆனா தண்ணி கெடையாது. நான் பஞ்ச் கலக்கறேன்" என்று அறிவித்தேன். நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் வருடாந்தர விருந்தில் அதைக் குடித்திருந்தேன். அன்னாசி, தர்ப்பூசணி எல்லாம் மிதக்கும் பழரசம். மலாய்க்காரர், சீனர், நாங்கள் என்று எல்லாரும் ஒரே பாத்திரத்திலிருந்து மொண்டு குடித்தோம். பார்க்கவும் பகட்டாக இருந்தது.

"தண்ணி இல்லன்னா நியாலாஸ்ல இருந்து நம்ம ஆளுங்க வருவானுங்களா?" என்றார் அப்பா. சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் குத்தகை வேலைக்குப் போவதற்கு முன் அவர் நியாலாஸ் பக்கத்து எஸ்டேட்டில்தான் இருந்தார். அவருடைய சிநேகிதமெல்லாம் இன்னும் அங்கேதான்.

"வராட்டி போகட்டும். கோழியாவது மிஞ்சும்" என்றேன். அப்பா சிரித்தார். வேண்டாம் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

சனிக்கிழமை பார்ட்டி. வியாழக்கிழமையே அன்னாசிப் பழங்களை நறுக்கி, வாசனைக்குத் தோலையும் கொஞ்சம் சேர்த்து, குலா மெலாக்கா என்கிற தென்னை வெல்லத்தைக் காய்ச்சி ஊற்றி மூடி வைத்தேன். நன்றாக ஊறினால் ருசி கூடும் என்று என் கணக்கு. பிரிட்ஜ் முழுக்கக் கோழி. அதனால் சமையலறை மூலையில் இருந்த பெரிய வாளியில் போட்டு வைத்தேன். அது அம்மா தோசை மாவு புளிக்க வைக்கிற வாளி. அலசிவிட்டுத்தான் போட்டேன். எவ்வளவு நன்றாக அலசினேன் என்பது வேறு கதை.

சனிக்கிழமை காலையில் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று நுரை பொங்கியது. வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. அம்மா ஓடி வந்து எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"மாவு புளிக்கிற வாளியில போட்டு மூடி வச்சா, அது புளிக்காம சாமியா கும்புடும்? தண்ணி வேணாம்னு சொல்லிப்புட்டு வூட்டுக்குள்ளயே காய்ச்சி வச்சிருக்கியேடி!"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். அப்போது அப்பா குளித்துவிட்டுத் துண்டோடு வந்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அந்த வாடை எங்கள் வீட்டுக்குள் வந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. அவர் மூக்கு விடைத்ததைப் பார்த்தேன். அவரைக் காப்பாற்றக் கிளம்பிய நானே அவருக்கு முன்னால் ஒரு வாளி நிறைய வைத்திருக்கிறேனே என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் பொங்கியது.

அப்பா வாளியைத் தூக்கினார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு கொல்லைப்புறம் போய் வாழை மரத்தடியில் கொட்டினார். குழாயைத் திறந்து வாளியையும் கழுவினார், மண்ணிலும் தண்ணீர் விட்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பாசாருக்குப் போனார்.

திரும்பும்போது அன்னாசியும் தர்ப்பூசணியும் ஒரு பை நிறைய லிமாவ் கஸ்தூரி எலுமிச்சையும் கொண்டுவந்தார், கூடவே கை கொள்ளாத இஞ்சியும். தரையில் பேப்பரை விரித்து உட்கார்ந்து அன்னாசியின் கண்களைச் சுற்றிச் சுற்றி அவரே சீவினார். நான் சாறு பிழிந்து, சீனிப்பாகு ஊற்றி, ஒரு கிளாஸ் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"இது புள்ளைங்க குடிக்கிறது லா. இனிப்பக் கொற. இஞ்சிய இடிச்சு ஊத்து."

"எவ்ளோ ஊத்தறது?"

"முழுங்கறப்ப தொண்டையில எரியணும். எரியலன்னா கிளாஸ ரொம்ப நேரம் கையில வச்சிருக்க முடியாது, மனசு வேற கிளாஸ தேடும்."

தன் குடியைப் பற்றி அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. நான் உரலில் இஞ்சியை இடித்தேன். அழுகை வந்தது, அழுதுகொண்டேதான் இடித்தேன். குடியை விடுவது அவருக்கும் வேண்டியிருக்கிறது, எங்களுக்கு மட்டுமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அத்தனை சந்தோஷம் எனக்கு.

இஞ்சிச் சாறு, லிமாவ், அன்னாசிச் சாறு, புளிப்புக்கும் உப்புக்கும் இடித்துப் போட்ட 'ஆசாம் போய்' உப்புப்பழ வற்றல், கடைசியில் சோடா. ஒவ்வொன்றையும் அப்பா குடித்துப் பார்த்துத் தலையாட்டினார். நாலாவது கிளாஸில் கண்ணை இறுக்கி மூடித் திறந்து, "இப்ப சரி" என்றார். தர்ப்பூசணித் துண்டுகளையும் ஐஸையும் போட்டு அண்டாவைக் கூடாரத்தில் தூக்கி வைத்தோம்.

சாயங்காலம் எல்லாரும் வந்தார்கள். என்னோடு வேலை பார்த்த மலாய்ப் பெண்கள் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடியும் வந்து வரிசையில் நின்றார்கள். நியாலாஸ் ஆட்கள் வேனிலிருந்து இறங்கி நாலா பக்கமும் தேடிப் பார்த்தார்கள். அப்பா அகப்பையோடு அண்டாவுக்குப் பின்னால் நின்று ஆளுக்கொரு கிளாஸ் மொண்டு கொடுத்தார். "என்னா லா இது, சுர்ருன்னு ஏறுது" என்று ஒருவர் சொன்னார். அடுத்தவர் இன்னொரு கிளாஸ் கேட்டார். இரண்டு பேர் மட்டும் வேன் பக்கம் நழுவினார்கள். அப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அப்போதுதான் மாமா வந்தார். சொந்த மாமா இல்லை. எஸ்டேட் லயத்து வீடுகளில் அப்பாவோடு ஒன்றாக வளர்ந்தவர். அப்பாவுக்கு அவர் மச்சான், எனக்கு மாமா. நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். எனக்கு ஒரு மோதிரத்தைக் கொடுத்து, தலையைத் தடவிவிட்டு, அண்டாவை எட்டிப் பார்த்தார். பையிலிருந்து பிராந்தி பாட்டிலை எடுத்தார்.

"பொண்ணுக்கு இருபத்தொன்னு, நீ சீனித் தண்ணிய ஊத்திக்கிட்டு நிக்கிறியே மச்சான். ஒரு பாட்டில் உள்ள போனாத்தான் இதுக்கு உசுரு வரும்."

சொல்லிக்கொண்டே மூடியைத் திருகி அண்டாவுக்கு மேல் சாய்த்துவிட்டார். அப்பா கையைக் குறுக்கே நீட்டிப் பாட்டிலைத் தள்ளினார். பிராந்தி அவர் உள்ளங்கையில் கொட்டி, மணிக்கட்டு வழியாக ஓடி மேசை விரிப்பில் வழிந்தது. அண்டாவில் விழவில்லை. சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"இது எம் பொண்ணு கலக்குனது. இதுல ஊத்தாத மச்சான்" என்றார் அப்பா. பிறகு குரலை இறக்கி, "நான் விட்டுட்டேன் லா" என்றார்.

அந்த வார்த்தையை அவர் எங்களிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது ஊரே கேட்டது.

மாமா பாட்டிலைப் பிடித்தபடி நின்றார். "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். அவருக்குக் கோபமில்லை, மனசு நொந்துவிட்டது. அப்பா பக்கத்துக் குழாய்க்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினார். முழங்கை வரைக்கும் கழுவினார். திரும்ப ஒருமுறை சோப்புப் போட்டார். அவர் குனிந்திருந்த முதுகையே பார்த்துக்கொண்டு நானும் அம்மாவும் அண்டா பக்கத்தில் நின்றோம்.

திரும்பி வந்தவர் அகப்பையைத் தொடவில்லை. ஈரக் கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்.

"இன்னும் வாடை போவல. நீ ஊத்து."

அம்மா முந்தானையால் அந்தக் கையைத் துடைத்தாள். விருந்தாளிகள் முன்னால் அவள் அவரைத் தொட்டு நான் பார்த்ததில்லை. துடைத்துவிட்டு அகப்பையை அதே கையில் கொடுத்தாள்.

"இந்தக் கையாலதான் ஊத்தணும். ஊத்துங்க."

அப்பா அகப்பையை அண்டாவில் விட்டார். மாமா பாட்டிலை மூடிப் பையில் போட்டுவிட்டு, ஒரு காலி கிளாஸை எடுத்து அவர் முன்னால் நீட்டினார்.