பாக்கெட்டில் ஒழுகிய டீ

எழுபதுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில் ஒரு சிறிய பீங்கான் பட்டறையின் ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். திட்டக்குடியிலிருந்து தினமும் பஸ். அன்று காலை பஸ் ஏறும்போதே சட்டைப் பையில் ராஜினாமாக் கடிதம் இருந்தது. கடலூரில் ஒரு கம்பெனி கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிட்டிருந்தது. விஷயம் தெரிந்த ஒரே ஆள், முந்தின நாள் அதை அடித்துக் கொடுத்த டைப்பிஸ்ட் அக்கா.

கடிதத்தைக் கொடுத்துவிடலாம் என்று போனால், அன்று சூளை திறக்கிற நாள்! எங்கள் ஆபீசுக்கு அது திருவிழா. ஃபைலையெல்லாம் மூடிவிட்டு, மேனேஜர் முதல் பியூன் வரை பட்டறையில் உட்கார்ந்து கோப்பைகளைத் தட்டிப் பார்ப்போம். கணீரென்றால் நல்லது, டொக்கென்றால் விரிசல். விரிசலை நல்லதென்று விட்டவர் சாயங்காலம் அதிலேயே டீ குடிக்க வேண்டும். ஒழுகி முடிவதற்குள் குடித்தாக வேண்டும், அதுதான் எங்கள் சட்டம். போன மாதம் மேனேஜரே வேட்டியெல்லாம் டீயாக நின்றார்.

காதுக்குப் பேர்போனவன் நான். நான் தட்டினால் மறுபேச்சு கிடையாது. ஆனால் அன்று என் காது கடலூருக்குப் போய்விட்டது, கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. நான் நல்லதென்று விட்டவற்றை, சேத்தியாத்தோப்புக் கடைக்குப் போக வேண்டிய நான்கு கூடைகளில் வைக்கோல் வைத்துக் கட்டியாயிற்று. லாரியும் வந்துவிட்டது. மேனேஜர் சும்மா ஒன்றை உருவித் தட்டினார். டொக். அடுத்ததும் டொக்.

முன்பு வேலை பார்த்த இடத்தில், ஒரு எழுத்துப் பிழைக்காக எல்லார் முன்னாலும் என்னை அரை நாள் நிற்க வைத்தார்கள். இங்கே நாலு கூடை!

மேனேஜர் லாரிக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"வாங்க, எல்லாரும் இன்னொரு தடவ தட்டிப்புடலாம். தம்பிக்கு இன்னிக்கு மனசு எங்கியோ இருக்குது."

அவ்வளவுதான். கணீர், டொக், கேலி, சிரிப்பு என்று நாலு கூடையும் எப்படி முடிந்ததென்றே தெரியவில்லை. பொழுது சாய்வதற்குள் லாரி கிளம்பிவிட்டது.

பிறகு டீ. நான் கோட்டை விட்டதிலேயே பெரிய விரிசலைத் தேடி எடுத்து, கொதிக்கக் கொதிக்க ஊற்றி நீட்டினார்கள். ஆபீசே கைதட்ட, மோவாய், சட்டை, பை எல்லாம் நனைந்தது. அப்படி வயிறு வலிக்கச் சிரித்து எத்தனை வருஷமாயிற்று!

கை கழுவும் இடத்தில் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து கரைந்து நீலக்கறையாகிவிட்டிருந்தது. டைப்பிஸ்ட் அக்கா அதைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"நாளைக்கு வேற அடிச்சிக் குடுக்கட்டுமா?"

"வேணாங்க்கா."

ஓய்வு பெறும்வரை அந்த ஆபீசை விட்டு நான் நகரவில்லை. பின்னாளில் என் கீழ் வேலை பார்த்தவர்கள் தப்பு செய்துவிட்டு முகம் வெளுத்து நின்றபோதெல்லாம், வாயைத் திறப்பதற்கு முன் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். என் பக்கத்தில் ஒருவர் அப்படி உட்கார்ந்ததால்தானே நான் அங்கேயே தங்கினேன்.