தனகா பூசிய நாள்

என் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், ஒரு பழைய ரேஷன் கார்டு இருக்கிறது. இன்று அதைக் காட்டினால் ஒரு பிடி அரிசிகூடக் கிடைக்காது. செம்பூரில் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது மகள் அதைக் குப்பையில் போடப் பார்த்தாள். அன்று நான் போட்ட சத்தத்தை இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

அறுபதுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயதில், ரங்கூனிலிருந்து கப்பலேறினோம். அப்பாவின் துணிக்கடையை அங்குள்ள அரசாங்கம் எடுத்துக்கொண்டது. துறைமுகச் சோதனையில் அம்மாவின் தாலிச் சங்கிலியும் போயிற்று. மிஞ்சியது ஒரு துணிமூட்டையும், தனகாக் கட்டையும், அதை உரைக்கும் கல்லும்தான். பர்மாவில் பெண்கள் அந்தக் கட்டையைத் தண்ணீர் விட்டு உரைத்துக் கன்னத்தில் பூசிக்கொள்வார்கள். சென்னையில் இறங்கியதும் அரசு முகாமில் சோறும் போர்வையும் கொடுத்தார்கள். குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்பாவுக்குச் சும்மா உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் எங்களைக் கூட்டிக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறிவிட்டார். அவசரக்காரர்.

தாராவியில் ஒரு தோல் பட்டறையில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கே வேலை பார்த்த இன்னொருவரின் மனைவிதான் நான் பெரியம்மா என்று கூப்பிட்டவர். சொந்தமில்லை, திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். தங்கள் ஒற்றை அறையின் குறுக்கே ஒரு புடவையைக் கட்டி, பாதியை எங்களுக்கு விட்டார். இடம் கிடைத்தது, அரிசி கிடைக்கவில்லை. புதுக் கார்டு வேண்டுமென்றால், பழைய ஊரில் கார்டை ரத்து செய்த சீட்டு எங்கே என்றார்கள். ரங்கூனுக்குப் போய் யார் வாங்கி வருவது? பெரியம்மா துணிந்து ஒரு காரியம் செய்தார். ஊரில் கார்டே வாங்காத தன் தங்கை குடும்பம் என்று சொல்லி, எங்கள் மூவர் பெயரையும் தன் கார்டில் சேர்க்க மனுக் கொடுத்துவிட்டார். பொய் வெளியே வந்தால் அவருடைய கார்டும் போய்விடும்.

இன்ஸ்பெக்டர் விசாரிக்க வந்த அன்று அம்மா பொட்டை அழித்து, முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். எல்லாம் சரியாகச் செய்தவள், எனக்குத் தலைவாரி விட்ட கையோடு இரண்டு கன்னத்திலும் வட்டமாகத் தனகா பூசிவிட்டாள். ரங்கூனில் நல்ல காரியம் என்றால் அதுதான் பழக்கம்.

இன்ஸ்பெக்டர், பிரிவினையில் ஓடிவந்தவர்களுக்கான செம்பூர் கேம்ப்பில் குடியிருந்த சிந்திக்காரர். என் கன்னத்தைக் காட்டி இந்தியில் ஏதோ கேட்டார். "தனகா. ரங்கூன்ல எல்லாரும் பூசுவாங்க" என்றேன் பெருமையாக.

அவர் மனுவில் எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாக அடித்தார். அம்மா அழுதுவிட்டாள். பெரியம்மா தன் கார்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "சாப், மேரா கார்ட் காட்டோ. இன்கோ சாவல் தோ." என் கார்டை ரத்து செய்யுங்கள், இவர்களுக்கு அரிசி கொடுங்கள் என்று அவருக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னதை, ரங்கூனிலேயே இந்தி பழகியிருந்த அப்பா எங்களுக்குச் சொன்னார்: "இவரோட அம்மாவும் கராச்சியிலேருந்து சீட்டு எதுவும் கொண்டுவரலையாம். ஆனா இவரு பொய் மட்டும் எழுத மாட்டாராம்." பையிலிருந்து ஒரு புது மனுவை எடுத்து அவரே நிரப்பினார். ரத்துச் சீட்டு கேட்கும் இடத்தில், ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரமே எங்களுக்கென்று ஒரு கார்டு வந்தது. பெரியம்மாவின் கார்டை அவர் தொடவே இல்லை.

இன்று டிவியில் எங்கிருந்தோ ஓடிவந்தவர்களைக் காட்டி, இவர்களுக்கு என்ன காகிதம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், நான் எழுந்து போய் பீரோவைத் திறக்கிறேன். இந்த நாடு எனக்கு என்ன செய்தது என்று கேட்டால் என்னால் காட்ட முடிந்தது இதுதான். முகவரியில் பெரியம்மாவின் பெயர் இருக்கிறது. அதன் பக்கத்தில், யாரும் கேட்காமலே, அந்த இன்ஸ்பெக்டரின் கையெழுத்தில் ஆங்கிலத்தில் 'சிஸ்டர்' என்று இருக்கிறது.

அப்பா அன்று அதை வாசித்துக் காட்டியபோது பெரியம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அவருதான் பொய் எழுத மாட்டேன்னுட்டாருல்லா. அப்ப மெய்தான்."