அண்ணி கட்டிய கட்டு

அண்ணிக்குக் கட்டுக் கட்டவே தெரியாது. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அவள் சுற்றுகிற துணி ஒரு பக்கம் இறுகும், இன்னொரு பக்கம் தொங்கும். முடிச்சைச் சரியாகப் புண்ணுக்கு மேலேயே கொண்டுபோய்ப் போடுவாள். ஆனாலும் என் அம்மாவின் கால்புண் அவள் கையில்தான் ஆறியது. என் கையில் ஆறவில்லை.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு யார்டில் பாயிண்ட்ஸ்மேன் வேலை. வருகிற வண்டிக்குத் தகுந்தபடி தண்டவாளத்தை மாற்றிவிட வேண்டும். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி; யாராவது வேலைக்கு வராவிட்டால் எந்த நேரமும் கூப்பிடுவார்கள். வீடு என்பது ஒரு முன்னறை, ஓர் அடுப்படி, பின்னால் குழாயடி, அவ்வளவுதான். அப்பா போன பிறகு அம்மா எங்களோடு வந்து தங்கினாள். மகன் கிள்ளானில் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இவள் மகள் வீட்டுச் சோற்றைத் தின்கிறாளே என்று பக்கத்து வீடுகளில் முணுமுணுத்தார்கள். அதெல்லாம் என் காதில் ஏறவில்லை. கல்யாணமாகிப் போன நாளிலிருந்து அம்மாவை நான் வந்துபோகிறவளாகத்தான் பார்த்திருந்தேன். இப்போதுதான் எனக்கென்று முழுசாகக் கிடைத்திருந்தாள்.

கொசு கடித்த இடத்தைச் சொறிந்ததில் அவளுக்குக் கணுக்காலுக்கு மேல் ஒரு புண் வந்தது. அறுபதைத் தாண்டிய உடம்பு, நரம்பு புடைத்த கால், சாயங்காலமானால் வீங்கும். சின்னப் புண் வெள்ளிக்காசு அளவுக்கு அகன்றுவிட்டது. ரயில்வே டிஸ்பென்சரிக்கு அழைத்துப்போனேன். அங்கே மருந்து போட்டுக் கட்டுகிற டிரஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமைசாலி. அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு காலை மட்டும் நீட்டினாள்.

"இதுக்கு மருந்து அரைவாசிதான் வேலை செய்யும், பிள்ளை. மிச்சம் அரைவாசி, காலை உயத்தி வச்சிருக்கிறதுதான். இருக்கேக்கையும் படுக்கேக்கையும் கால் மேலதான் இருக்கோணும்" என்றார்.

நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்பதை ஊரே அறியும். பழைய வேட்டியைக் கிழித்து, கொதிக்கவைத்து, வெயிலில் காயப்போட்டு, பட்டை பட்டையாகச் சுருட்டிவைப்பேன். பழைய கட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து நனைத்து, நூல் நூலாகத்தான் பிரிப்பேன். மஞ்சள் மருந்தில் துணியைத் தோய்த்துப் போட்டு, மேலே மல்லிகைப்பூக் கட்டுகிற மாதிரி ஒரே சீராகச் சுற்றுவேன். டிரஸ்ஸரே பார்த்துவிட்டு மெச்சிக்கொண்டார். காலைத் தூக்கி வைக்க ஒரு முக்காலியும் அதன்மேல் ஒரு தலையணையும் போட்டுக்கொடுத்தேன்.

அம்மாவும் வைத்துக்கொண்டுதான் இருந்தாள். வீட்டுக்காரர் வாசலில் வந்து செருமுகிறவரைக்கும். அவர் நல்ல மனிதர். வீட்டில் மாமியார் இருக்கிறாளே என்று, உள்ளே வருமுன் ஒரு செருமல் செருமிவிட்டுத்தான் காலெடுத்து வைப்பார். செருமல் கேட்டதும் அம்மா காலைக் கீழே போட்டு, எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். மாப்பிள்ளை முன்னால் மாமியார் காலை நீட்டிக்கொண்டு உட்காருவதாவது! அவருக்கு ராத்திரி வேலை என்றால் பகலெல்லாம் முன்னறையில் தூங்குவார். அம்மா பகலெல்லாம் அடுப்படிப் பலகையில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நாங்கள் வளர்ந்த விதம் அது. எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

"கால் உயத்தி வைக்கிறாவோ?" என்று டிரஸ்ஸர் கேட்கும்போதெல்லாம் "வைக்கிறாங்க" என்றுதான் சொன்னேன். முக்காலி போட்டிருந்ததே!

புண் ஆழமானது. இப்படியே போனால் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும் என்று டிரஸ்ஸர் சொன்னார். ஆஸ்பத்திரி என்றால் காலை எடுத்துவிடுவார்கள் என்பது அன்றைய பேச்சு. அம்மா ராவும் பகலும் அழுதாள். சேதி கேட்டு அண்ணன் கிள்ளானிலிருந்து வந்து நின்றார்.

"அம்மாவ நான் கொண்டு போறேன். எங்க வீட்டுப் பக்கத்துலயே டிஸ்பென்சரி இருக்குலா" என்றார்.

"அங்க யாரு பாத்துக்குவா? அண்ணிக்குத் தன் சேலையவே ஒழுங்கா மடிக்கத் தெரியாதேண்ணே" என்றேன்.

அம்மா என்னை அதட்டுவாள், போகமாட்டேன் என்பாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன். அவள் எழுந்து போய்த் தன் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நான் சுருட்டி வைத்திருந்த துணிப்பட்டைகளை எல்லாம் கூடவே கொடுத்தனுப்பினேன்.

அதற்குப் பிறகு கிள்ளான் ரயிலில் கார்டாகப் போய்வருகிற ஒருவர்தான் எனக்குத் தபால்காரர். "புண்ணு சுருங்குதாம்மா" என்றார் ஒரு நாள். "நல்ல சேதிண்ணே" என்று சிரித்துவிட்டு உள்ளே வந்து குழம்புச் சட்டியை நங்கென்று வைத்தேன். ஆறவில்லை என்று ஒரு சேதி வராதா என்று காத்திருந்தேன். பெற்ற தாயின் புண் ஆறக்கூடாது என்று நினைக்கிற மகளும் உண்டா என்றால், உண்டு, நான் இருந்தேன். ஆறட்டும், என் வீட்டில் ஆறட்டும், என் கையில் ஆறட்டும். மாரியம்மனிடம் நான் வேண்டிக்கொண்டது இதைத்தான்.

கடைசியில் பொறுக்க முடியாமல், அம்மாவைத் திரும்ப அழைத்துவருவதென்று வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்கு வண்டியேறினேன். வாசலில் அண்ணனும் வீட்டுக்காரரும் பேசிக்கொண்டு நின்றார்கள். நான் மட்டும் பின்பக்கமாக உள்ளே போனேன். அம்மாவின் குரல் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

"காப்பியாடி இது? கழனித்தண்ணியா? எந்தச் சிறுக்கி ஒனக்குக் காப்பி போடச் சொல்லிக் குடுத்தா?"

அம்மா நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கால் எதிரே பால் டின்கள் வருகிற ஒரு மரப்பெட்டியின் மேல், ஏறக்குறைய அவள் நெஞ்சு உயரத்துக்கு நீண்டிருந்தது. அண்ணி தன்பாட்டுக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அலங்கோலமான அந்தக் கட்டுக்கு மேலும் கீழும் தெரிந்த தோலில் வீக்கமே இல்லை. என்னைக் கண்டதும் அம்மாவின் குரல் தேனாகிவிட்டது.

"வாம்மா, எப்ப வந்த? மாப்பிள்ள சொகமா?"

அந்த நேரம் பார்த்து முன்வாசலில் என் வீட்டுக்காரர் செருமினார். பெட்டியின் மேலிருந்த கால் படக்கென்று தரையில் இறங்கியது. அம்மா எழுந்துவிட்டாள், முந்தானையை இழுத்தாள், கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். நிற்கும்போதே கால் நரம்புகள் புடைத்து ஏறுவதைப் பார்த்தேன். அண்ணியின் கைராசியும் இல்லை, கிள்ளான் மருந்தும் இல்லை. இந்த வீட்டில் அம்மா கால் நீட்டிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அந்தச் செருமலை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன்!

அண்ணன் அவரைக் காப்பிக் கடைக்குக் கூட்டிப்போனதும் அம்மாவின் கையைப் பிடித்தேன். அடுப்படியில் தட்டி வைத்து ஒரு மறைவு கட்டித் தருகிறேன், உள்ளே கட்டில் போடுகிறேன், அவர் அந்தப் பக்கமே வரமாட்டார், வாம்மா என்று கெஞ்சினேன்.

"ஒம் புருஷன் வீட்டுல நான் கால நீட்டிப் படுத்துக்கிட்டா நல்லாவாம்மா இருக்கும்? ஒன்னயத்தான் நாலு பேரு பேசுவாங்க" என்றாள் அம்மா.

"எனக்காக வாம்மா."

"இது எம் மவன் வீடு. இவ எம் மருமவ. இங்கன்னா எவ கேப்பா? ஒனக்கு நான் பாரமா வரமாட்டேன். மாப்பிள்ளைக்கு வண்டிக்கு நேரமாவுது பாரு" என்று என் தலையைத் தடவிவிட்டாள்.

கட்டு மாற்றுகிற நேரமாகியிருந்தது. அண்ணி கிண்ணத்தோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். இன்றைக்கு மட்டும் நான் கட்டுகிறேனே என்று கையை நீட்டினேன்.

"வந்த எடத்துல ஒனக்கு எதுக்கும்மா செரமம்" என்றாள் அம்மா, காலைத் தூக்கி அண்ணியின் மடியில் வைத்தபடி.

அண்ணி துணியை நனைக்கக்கூட இல்லை. ஒரே இழுப்பு. "அடி சண்டாளி, தோலோட பிச்சுட்டியேடி!" என்று அம்மா அலறி அவள் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். என் வீட்டில் எவ்வளவு வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு "வலிக்கலம்மா" என்றுதான் சொல்வாள். அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்து, "பாத்தீங்களா, தெனமும் இந்த ஏச்சுதான்" என்று சலித்துக்கொண்டாள். அந்த ஏச்சில் ஒரு வார்த்தை எனக்குக் கிடைத்திருந்தால் என் கழுத்துச் சங்கிலியை அங்கேயே கழற்றி அவள் கையில் கொடுத்திருப்பேன்.