ஆறக்கூடாத புண்ணும் ஹருவான் சூப்பும்

“...அதான் சொல்றேன், அக்கா. சீக்கிரம் மூடிடக் கூடாதுன்னு டாக்டரே மருந்து வச்ச புண்ணு இது. நீங்க ஆற வைக்கிற மீனாப் பார்த்துக் கொண்டு வர்றீங்க. இது மூணாவது சட்டி லா.”

சொன்னவள் என் மனைவி. வாசலில் சட்டியோடு நின்றவர், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. ஆபரேஷன் என்று காதில் விழுந்தால் போதும், எங்கள் வரிசையில் யார் வீட்டிலாவது ஹருவான் சூப் கொதிக்கும். நம் விரால் மீன்தான். வெட்டுக்காயத்தைச் சட்டென்று மூடும் என்பதில் மலாய்க்காரர், சீனர், நாம் என்று எல்லாருக்கும் ஒரே நம்பிக்கை.

இவளுக்கோ கண் அழுத்த நோய். வலது கண்ணை அது முன்பே கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய இடது கண்ணில், தேங்கும் நீர் வடிய டாக்டர் சின்னதாக ஒரு வழி திறந்தார். உடம்பு அதைத் தழும்பாக்கி அடைத்துவிடாமலிருக்க, பஞ்சில் நனைத்த மருந்தைச் சில நிமிடம் அங்கே வைத்தெடுத்தார். மருந்து கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்துவிட்டது. நீர் அளவுக்கு மேல் வடிந்து, அழுத்தம் இறங்கி, பார்வை மங்கியது. என் முகமே புகைக்குள் தெரிவதாகச் சொன்னாள். “பரவாயில்ல, இத்தனை வருஷமாத் தெளிவாப் பார்த்தாச்சு” என்றும் சேர்த்துக்கொண்டாள். அழுத்தம் ஏறாவிட்டால் மறுபடி உள்ளே கொண்டுபோய்த் தையல் போடவேண்டும் என்றார் டாக்டர்.

“மீன் சாப்பிட்டா கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது, ஆன்டி” என்று நர்ஸ் சொல்லியும் இவள் கேட்கவில்லை. இருக்கிற ஒரே கண்ணை வைத்துச் சோதனையா என்று முதல் இரண்டு சட்டியையும் என் தலையில் கட்டினாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாத நான் குடித்துத் தீர்த்தேன். அவளோ வாரக்கணக்கில் குனியவில்லை, கண்ணைக் கசக்கவில்லை, ஒரு வேளை சொட்டு மருந்து தவறவில்லை. மனத்திடத்துக்கு ஆள் காட்டச் சொன்னால் இன்றைக்கும் அவளைத்தான் காட்டுவேன்.

அன்று காலைதான் கிளினிக்கில், அழுத்தம் சரியாக நின்றுவிட்டது, தையல் வேண்டாம் என்றார்கள்.

“அப்ப இந்தச் சட்டிய என்னம்மா பண்றது? திருப்பிக் கொண்டு போகவா?” என்றார் அக்கா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

இவள் சட்டியை வாங்கி மேசைமேல் வைத்து, அக்காவைக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். ஒரு துண்டு மீனைத் தட்டில் எடுத்துப்போட்டு, இடது கண்ணருகே உயர்த்திப் பார்த்து, மயிரிழை போன்ற முள் ஒன்றை விரல் நுனியால் உருவி ஓரத்தில் வைத்துவிட்டு, தட்டை அக்கா பக்கம் நகர்த்தினாள்.