மாமாவுக்கு நான் கொடுத்த மருந்து

அறுபதுகளின் கடைசி. கல்யாணமாகி நான் கோலார் தங்கவயலுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஊரிகம் பகுதியில், சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடு. நான், சுரங்கத்தில் வேலை பார்த்த என் கணவர், ரிட்டையர் ஆன மாமனார் என்று மூன்று பேர்தான். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டதால் வீட்டு நிர்வாகம் முழுக்க என் கையில். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

மாமா முப்பது வருஷம் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். ஷிஃப்ட் மாறி மாறிப் போனதில் தூக்கமே கெட்டுப்போயிருந்தது. ரிட்டையர் ஆன பிறகும் ஷிஃப்ட் சங்கு ஊதினால் எழுந்து உட்கார்ந்துகொள்வார். பஜாரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் தூக்கத்துக்கு ஒரு மிக்ஸ்சர் எழுதிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் பாட்டிலை நாம்தான் கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் மருந்தைக் கலந்து ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிவதற்காக ஓரம் வெட்டிய காகிதப் பட்டையை ஒட்டித் தருவார். முதல் வாரமே மாமா குறட்டை விட்டுத் தூங்கினார். எனக்கு ஒரே சந்தோஷம்.

மருந்து தீர்ந்தால் பழைய சீட்டையும் காலி பாட்டிலையும் கம்பவுண்டரிடம் நீட்டினால் போதும், டாக்டரைப் பார்க்கக் காத்திருக்க வேண்டாம். எங்கள் லைனில் எல்லோரும் அப்படித்தான் செய்வோம்.

இரண்டு மாதம் கழித்து, கம்பெனியின் பெரிய ஆஸ்பத்திரியில் மாமாவுக்கு ரத்த அழுத்தம் என்றார்கள். மாத்திரை கொடுத்து, உப்பை அறவே நிறுத்தச் சொன்னார்கள். பஜார் மிக்ஸ்சரைப் பற்றி நான் அங்கே மூச்சு விடவில்லை. இலவச வைத்தியம் இருக்கும்போது வெளியே ஏன் போனாய் என்று நர்ஸம்மா கேட்பார்களே என்று பயம். அதையும் எங்கள் லைனில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

மறுநாளே மாமாவுக்குத் தனிச் சட்டி வைத்தேன். ஊறுகாய் ஜாடியை அவர் கைக்கு எட்டாத மேல்தட்டில் ஏற்றினேன். மனுஷன் தவித்துப் போனார். சுரங்கத்தின் ஆழத்தில், அவிக்கிற சூட்டில், உப்புப் போட்ட தண்ணீரைக் குடித்துக் குடித்து வேலை செய்த உடம்பு அது.

"ஒரு கல்லு உப்பு போடுமா. ஒடம்புக்கு ஒரு மாரியா கீது," என்பார்.

நான் மசியவில்லை. ஒருநாள் உப்பு ஜாடிக்குள் கைவிட்டவரைப் பிடித்துவிட்டேன். சின்னப் பிள்ளையை அதட்டுவது போல அதட்டினேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அதற்குப் பிறகு மாமா கொஞ்சம் கொஞ்சமாக மாறினார். நாக்கு குழறியது, நடை தள்ளாடியது, முகமெல்லாம் பருப் பருவாகக் கிளம்பியது. ஒரு சொட்டு சாராயம் தொடாதவர், சர்ச்சில் எல்லோரும் ஒரு பாட்டுப் பாட, தான் மட்டும் வேறொரு பாட்டை உரக்கப் பாடினார். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் என்னை மாமியார் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். பிதற்றல் அதிகமானதும் நான் செய்த கெட்டிக்காரத்தனத்தைக் கேளுங்கள்: நன்றாகத் தூங்கினால் தெளிந்துவிடுவார் என்று, படுக்கப் போகும்போது மட்டும் கொடுத்த மிக்ஸ்சரை மூன்று வேளை ஆக்கினேன்.

வயசாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்று லைனில் சொன்னார்கள். நாங்களும் நம்பினோம். அவருக்கு அப்போது அறுபத்தைந்துகூட ஆகவில்லை.

ஒருநாள் மத்தியானச் சங்கு ஊதியதும் மாமா சட்டையை மாட்டிக்கொண்டு சுரங்க வாசலில் இருக்கும் ஷாஃப்ட் கேட்டுக்குப் போய்விட்டார். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் இறங்க வேண்டும், வழிவிடு என்று வாட்ச்மேனோடு சண்டை. என் கணவருடன் வேலை செய்யும் ஒருவர் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். அன்று என் கணவர் தட்டைத் தொடவில்லை. பெங்களூரில் மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்றார். லீவும் போட்டார். சேர்த்தால் திரும்பி வருவாரா என்ற கேள்வி எங்கள் இருவர் மனதிலும் இருந்தது. வாய் திறந்து கேட்கத்தான் தைரியமில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள், வழிக்கு வேண்டுமே என்று பாட்டிலோடு பஜாருக்குப் போனேன். வழக்கமான கம்பவுண்டர் லீவு. பதிலுக்கு இருந்தவர் சிடுமூஞ்சி. சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருக்குமா இது? எத்தினி நாளா குடுக்கறீங்க?"

"எங்க மாமாவுக்கு. எட்டு மாசமா, ஒரு வேளைகூட தவறாம குடுக்கறேன்," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"பதினஞ்சு நாளைக்குன்னு எழுதிக்கீது. இன்னாமா நீங்க?"

பேச்சு குழறுகிறதா, முகத்தில் பரு இருக்கிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டி, நாளைக்குப் பெங்களூர் மனநல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறோம் என்றும் சொன்னேன். உப்புச் சாப்பிடுகிறாரா என்று கடைசியாகக் கேட்டார். அறவே இல்லை என்றேன். பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டார்.

பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது இப்படி இரண்டு பேரை அவர் பார்த்திருக்கிறாராம். "இதுல புரோமைடு கீதுமா. வயசானவங்க ஒடம்புல தங்கிக்கும். உப்ப நிறுத்திட்டா வெளியே போவவே போவாது. பைத்தியம் மாரி ஆயிடுவாங்க. பெங்களூருக்கு அப்பால போலாம். மொதல்ல இத பெரிய ஆஸ்பத்திரி டாக்டராண்ட காட்டுங்க."

சொன்னதோடு விடவில்லை. மிக்ஸ்சரில் என்னென்ன சேர்கிறது என்று ஒரு தாளில் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். முதலாளி டாக்டருக்குத் தெரிந்தால் அவர் வேலை போயிருக்கும். அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் தாளைப் படித்தார், மாமாவின் கண்ணையும் நாக்கையும் பார்த்தார், அன்றே அட்மிட் செய்தார். ரத்த அழுத்தத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, மிக்ஸ்சரை நிறுத்தி, அளவு வைத்து உப்பு கொடுக்கச் சொன்னார். நான் பயந்த நர்ஸம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

ஆறாம் நாள் நான் கஞ்சி கொண்டுபோனபோது, மாமா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். என் சொந்தப் பெயரை. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் வீட்டுக்கு வந்தார். பெங்களூர் பேச்சு அதோடு போயிற்று. அடுத்த ஞாயிறு சர்ச்சில் எல்லோரும் பாடிய பாட்டையே பாடினார். கம்பவுண்டருக்கு நன்றி சொல்லப் போனேன். அவர் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார்.

நடந்ததை மாமாவிடம் மறைக்க மனம் வரவில்லை. உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ நல்லதுன்னுதான குடுத்த. அத விடு. ஆனா இனிமே என்னையும் ஒரு வார்த்த கேளுமா," என்றார்.

அதன்பிறகு பத்து வருஷம் தெளிவாக இருந்தார். பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்தால் உட்காரட்டும் என்று விட்டுவிட்டோம். இன்று எனக்கு அவருடைய அன்றைய வயதைவிட அதிகம். டாக்டர் புது மாத்திரை எழுதினால், ஏற்கெனவே சாப்பிடுவதையெல்லாம் பையிலிருந்து எடுத்து அவர் மேஜையில் பரப்பிவிடுகிறேன். அவர் முகம் சுளித்தாலும் விடுவதில்லை. வீட்டில் யாருக்காவது நான் மருந்து ஊற்ற வேண்டி வந்தால், பாட்டிலைப் பார்ப்பதற்கு முன் அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு, பதில் வரும்வரை கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறேன்.